அடுத்த கிளாஸில் என்ன? கோவாவின் பின்வாசலில் ஒரு ரவுண்டு

செருப்பைக் கழற்றி வெளியே விடுங்க. தலையைக் கொஞ்சம் குனிஞ்சு வாங்க, கூரை தாழ்வு. கோவாவின் கிழக்கு ஓரம், சத்தரி தாலுகா. கடற்கரையும் கிடையாது, டிஜே சத்தமும் கிடையாது. முந்திரித் தோப்புக்கு நடுவே நாலு கழி நட்டுக் கீற்று வேய்ந்த ஒரு கொட்டகை. 'பட்டி' என்கிறார்கள் இதை. முந்திரிப்பழச் சாராயமான ஃபெனி பிறக்கிற இடம். ஏப்ரல் மாதக் காலை, வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனால் வாசனை ஏறிவிட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டில் சுற்றியவர்களுக்கும், கன்னியாகுமரியில் கொல்லாம்பழம் கடித்து வளர்ந்தவர்களுக்கும் நான் விளக்கவே வேண்டாம். அதே இனிப்பு, அதே காரல், நூறு மடங்காக!

உலகம் அடுத்து எதைக் குடிக்கும் என்று கணிப்பதற்கென்றே லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆண்டுதோறும் தடித்தடியாக அறிக்கைகள் போடுகிறார்கள். கிடைத்தவற்றை எல்லாம் விடாமல் படிக்கிறவன் நான். அந்த அறிக்கைகளில் நாளைக்கு ஒரு வரியாக வரப்போகிற சரக்கு, இன்றைக்கு யார் கையில், எந்தக் கொட்டகையில் இருக்கிறது என்று நேரில் பார்க்கும் வாய்ப்பு வந்தால் விடுவேனா? பட்டிக்காரர் ஒருவரும், பணஜியில் பார் நடத்தும் இளைஞர் ஒருவரும் எனக்காகப் பின்வாசலைத் திறந்துவிட்டார்கள். பட்டிக்காரரை ஊரே அங்கிள் என்கிறது, நாமும் அப்படியே கூப்பிடலாம்.

முதலில் பழம் வருகிறது. கூடை கூடையாக. மஞ்சள், சிவப்பு, இரண்டும் கலந்தது. மரத்திலிருந்து பறித்ததில்லை, தானாக விழுந்ததைப் பொறுக்கியது. முழுசாகப் பழுத்துக் கனிந்து விழுந்தால்தான் ஃபெனிக்கு ஆகும் என்பதில் அங்கிள் கறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கிறார்கள். என்ன வேகம்! வாயும் ஓய்வதில்லை, கையும் ஓய்வதில்லை. "கொட்டை கடைக்கு, பழம் பட்டிக்கு" என்று கணக்கு சொல்கிறார் ஆன்ட்டி, அங்கிளின் மனைவி. எத்தனை கூடை, யார் கொண்டுவந்தது எல்லாம் அவருடைய நோட்டில். அந்த நோட்டின் அட்டையில் முந்திரிச்சாற்றுக் கறை. ஆன்ட்டியின் முந்தானையில் கறை, சுவரில் மாட்டிய காலண்டரில்கூடக் கறை. எந்தச் சோப்புக்கும் போகாத கறை அது.

அடுத்து மிதிப்பு. பாறையில் குடைந்தது போன்ற ஒரு தொட்டி, பெயர் கொளம்பி. அதில் பழத்தைக் கொட்டிவிட்டு ஒரு பையன் காலால் மிதிக்கிறான். ஆடுகிறான் என்றே சொல்லலாம், பாட்டுக்கூட ஓடுகிறது செல்போனில். வியர்வை கொட்டுகிறது. "ஜிம்முக்குப் பணம் கட்டுறவங்களை எல்லாம் இங்க அனுப்புங்க சார், நாங்க சம்பளமே கொடுக்கிறோம்" என்கிறான். பெண்கள் பக்கமிருந்து பலத்த சிரிப்பு. மிதித்த சக்கையைக் கூம்பு போலக் குவித்து, காட்டுக்கொடியால் இறுகச் சுற்றி, மேலே பாறாங்கல்லைத் தூக்கி வைக்கிறார்கள். கல்லின் பாரத்தில் சொட்டுச் சொட்டாக வடிகிறது தெளிந்த சாறு. இதுதான் நீரோ. போதை துளியும் கிடையாது. ஆன்ட்டி ஒரு டம்ளர் நீட்டினார். அடடா! நாக்கில் தேன், தொண்டையில் லேசான கரகரப்பு. வெயிலுக்கு இதைவிட ஒன்று வேண்டுமா?

மிதித்துப் பிழிந்த சாறு நீல பிளாஸ்டிக் டிரம்களுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் மண்பானையாம். ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை, காற்றில் இருப்பதே போதும். மூணு நாளில் நுரைத்துப் பொங்குகிறது. டிரம்மில் காதை வைத்துக் கேளுங்க என்றார் அங்கிள். வைத்தேன். உள்ளே ஒரே கிசுகிசுப்பு, ஏதோ பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வாத்தியார் இல்லாத நேரம் போல!

பிறகு அடுப்பு. செம்புப் பானை, அதன் வாயைக் களிமண் குழைத்து அடைத்திருக்கிறார்கள். ஒரு குழாய் வழியாக ஆவி இன்னொரு பானைக்குப் போகிறது. அதைத் தண்ணீரால் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விறகைத் தள்ளுவது, இழுப்பது, தண்ணீர் ஊற்றுவது, மறுபடி விறகு. தீ கூடினால் கருகல் வாடை ஏறிவிடும், குறைந்தால் வேலை ஓடாது. மீட்டர் ஏதாவது உண்டா என்று தேடினேன். அங்கிள் பானையின் வயிற்றில் கையை வைத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான் மீட்டர். முதல் தடவை வடிந்து வருவது உர்ராக். மென்மையானது, ஏறக்குறைய 15 சதவீதம். உள்ளூர்க்காரர்கள் இதில் லிம்காவை ஊற்றி, உப்பு போட்டு, பச்சைமிளகாயைக் கீறிப்போட்டுக் குடிக்கிறார்கள். உர்ராக்கோடு சாறு சேர்த்து மறுபடி வடித்தால் 42 சதவீதத்தைத் தொடும் ஃபெனி. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். முத்து முத்தாகக் குமிழி எழும்பி, கொஞ்ச நேரம் நின்று, பிறகு உடைகிறது. முகத்தில் சிரிப்பு. பாஸ்!

முந்திரி கோவாவுக்குச் சொந்தச் செடியே இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. வந்த செடியைத் தன்னுடையதாக்கி, அதன் பழத்திலிருந்து தனக்கென்று ஒரு சரக்கை இந்த ஊர் உண்டாக்கிக்கொண்டது. 2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது வெறும் நாட்டுச்சரக்காகவே இருந்தது. அதனால் கோவா எல்லையைத் தாண்ட முடியாமல் கிடந்தது. 2016-இல் கோவா அரசு பாரம்பரிய மது என்று அறிவித்த பிறகுதான் வாசல் திறந்தது. அந்தத் தேதியை அங்கிளிடம் சொன்னால் தோளைக் குலுக்குகிறார். அவருக்குத் தெரிந்த தேதி ஒன்றுதான்: மழை வருவதற்குள் அடுப்பை அணைக்க வேண்டும்.

இதற்குள் பணஜியிலிருந்து பார்க்காரத் தம்பி ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். முதுகுப்பையில் ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க். அதற்குள் என்ன தெரியுமா? அங்கிளின் சொந்த ஃபெனியில் செய்த காக்டெயில்! இத்தனை வருடமாகக் காய்ச்சுகிற மனிதர் தன் சரக்கைக் காக்டெயிலாகக் குடித்ததே இல்லையாம். பெண்கள் கொட்டை திருகுவதை நிறுத்திவிட்டார்கள். மிதிக்கிற பையன் தொட்டிக்குள்ளேயே நின்றபடி எட்டிப் பார்க்கிறான். அங்கிள் ஒரு மடக்கு குடித்தார், இன்னொரு மடக்கு. யோசித்தார்.

"நல்லாயிருக்குப்பா. அன்னாசி இருக்கு, எலுமிச்சை இருக்கு, சர்க்கரை இருக்கு. என் ஃபெனி எங்கே?"

கொட்டகையே அதிர்ந்தது சிரிப்பில். தம்பியும் சிரித்தார். ஆனால் சட்டென்று செல்போனை எடுத்து அந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டார் பாருங்க, அதைக் கவனித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் தேடி வந்தது இதைத்தான்.

மதியம் மூணு மணி, பணஜி. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, குனிந்து நுழையுங்க. ராத்திரி மஞ்சள் விளக்கில் ஜொலிக்கும் இந்த பார், பகலில் கல்யாணம் முடிந்த மறுநாள் வீட்டின் கோலத்தில் கிடக்கிறது. நாற்காலிகள் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஐஸ் மூட்டை வந்து இறங்கித் தரையெல்லாம் ஈரம். கவுன்டருக்குப் பின்னால் ஏகப்பட்ட குட்டி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் கிறுக்கியிருக்கிறார்கள்: 'கோகம் - உப்பு தூக்கல்', 'பலாப்பழம் - வேண்டவே வேண்டாம்', 'கறிவேப்பிலை - மறுபடி பார்'. 'வேண்டவே வேண்டாம்' பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். சரியான தீர்ப்பு!

நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். ஆளுக்கொரு ஸ்ட்ரா, ஆளுக்கொரு காகிதக் கப். கிளாஸில் ஸ்ட்ராவை விட்டு நுனியை விரலால் அடைத்து, இரண்டு சொட்டை நாக்கில் விட்டு ருசி பார்த்து, கப்பில் துப்பிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பவர்கள் பகலில் ஒரு வாய்கூட விழுங்குவதில்லை. இன்றைய வேலை, அங்கிளின் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது. அன்னாசி போனது. சர்க்கரைப்பாகு பாதியானது. புளிப்புப் பழமான கோகம் வந்தது, ஒரு சிட்டிகை உப்பு வந்தது, சோடா வந்தது. ருசித்தார்கள், துப்பினார்கள், முகம் சுளித்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். பாத்திரம் கழுவும் அம்மா நடுவில் வந்து ஒரு சொட்டு ருசித்துவிட்டு, "மிளகாயைக் காணோமே" என்று போனார். மிளகாயும் வந்தது!

அடுத்து எது ஓடும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? கேட்டேவிட்டேன். தம்பி சிங்க்கைக் காட்டினார். "ராத்திரி திரும்பி வர்ற கிளாஸைப் பார்ப்போம் சார். பாதியில மீதம் வெச்சா அது போட்டோவுக்காக வாங்கினது. ஐஸ் வரைக்கும் காலியா வந்தா நிஜமாப் பிடிச்சிருக்கு. அதே மேசையில பக்கத்து ஆளும் அதையே கேட்டா, மறுநாளே ஒரு பாட்டில் கூடுதலா வாங்கி வைப்போம்." எந்த அறிக்கையிலும் இல்லாத கணக்கு இது. எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

பிறகு ஆரம்பித்தது வாக்குவாதம். 2017-இல் 'கிரேட்டர் தேன்' ஜின் கோவாவிலிருந்து கிளம்பியபோது, இந்தியாவில் ஜின் யார் குடிப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அதைத் தொடர்ந்து வந்த ஜின்கள் ஒரு அலமாரிக்கு அடங்காது. அந்த அலை தணிந்தால் அடுத்தது எது? ஒருவர் தக்காணத்து வறண்ட நிலத்து ஆனைக்கற்றாழைக்குக் கொடி பிடிக்கிறார். மெக்சிகோவின் டெக்கீலாவும் அந்தக் கற்றாழைக் குடும்பம்தானே, 2022-இல் அமெரிக்காவில் விற்பனை மதிப்பில் டெக்கீலாவும், அதன் உறவுச் சரக்கான மெஸ்காலும் சேர்ந்து அந்த நாட்டு விஸ்கியையே முந்திவிட்டனவே என்பது அவர் வாதம். இன்னொருவருக்கு மகுவா, அதாவது நம்ம இலுப்பைப்பூச் சாராயம். மத்தியப் பிரதேசம் அதற்குப் பாரம்பரிய மது என்ற தகுதியைக் கொடுத்திருக்கிறது. கடைசிப் பையன் மெல்ல, "உர்ராக்" என்றான். அதுதான் வெயிலுக்கேற்ற லைட்டான சரக்கு, இப்போ எல்லாரும் லைட்டைத்தானே கேட்கிறார்கள் என்றான். உண்மைதான். ஆனால் உர்ராக் சீசன் சரக்கு, நாள்பட வைத்திருந்தால் ருசி போய்விடும். ஊர் தாண்டுவது கஷ்டம்.

என் ஓட்டு ஃபெனிக்கு. புத்தம்புதுசாக ஒன்று முளைத்து உலகத்தைப் பிடித்த கதை குறைவு. ஆப்பரோல் என்ற மது 1919-இல் இத்தாலியின் பாதுவா நகரில் பிறந்தது. 2003-இல் கம்பாரி நிறுவனம் வாங்கிய பிறகுதான் அந்த ஆரஞ்சு நிறக் கிளாஸ் ஊர் ஊராகப் பரவியது. மெஸ்கால் தன் புகை வாசனையை மறைக்காமல்தான் உலகப் பார்களுக்குள் நுழைந்தது. ஃபெனியின் அந்தக் காட்டு வாசனையை இத்தனை நாளும் குறையாக நினைத்து அன்னாசியில் அமுக்கினார்கள். அதை மேலே தூக்கிவிட்டால் வேறு எந்த நாட்டிலும் கிடைக்காத ருசி அது. தடை ஒன்று உண்டு: பழம் வருடத்தில் சில மாதம்தான், மிதிப்பதற்கு ஆளும் குறைந்துகொண்டே வருகிறது. அவசரப்பட்டு லாரி லாரியாகக் கேட்டால் இந்தக் கொட்டகைகள் தாங்காது. மெதுவாக வரட்டும், நல்ல விலையோடு வரட்டும், அந்த விலையில் ஒரு பங்கு கொளம்பியில் நிற்கிற பையனுக்கும் போகட்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழாவதோ எட்டாவதோ கிளாஸ் தயாரானது. கோகத்தின் சிவப்பு, ஓரத்தில் உப்பு, நடுவில் கீறிய மிளகாய். ருசி பார்த்த தம்பி இந்த முறை துப்பவில்லை! மறுபடி ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினார். மாஸ்கிங் டேப் கிழித்து ஒட்டி, 'அங்கிளுக்கு' என்று எழுதினார். ஷட்டர் முழுசாக மேலே போனது, விளக்கு எரிந்தது, நாற்காலிகள் கீழே இறங்கின.

நீங்களும் இதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள் போங்க, கடற்கரையை ஒரு நாள் மறந்துவிட்டு உள்நாட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புங்க, பட்டிக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்க. ஃபெனி ருசிப்பதாக இருந்தால் வண்டி ஓட்ட வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்க. குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம், நீரோ இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்க, வெயில் ஏற ஏற அது புளிக்கத் தொடங்கிவிடும்.