ஏவுகணை இருக்கத் துப்பாக்கி எதற்கு?

சென்னிமலை முருகனைத் தரிசித்து, கடைவீதியில் இரண்டு போர்வையும் வாங்கிக்கொண்டு, காங்கேயம், பல்லடம் வழியாகக் கோயமுத்தூருக்குப் போகிறீர்கள். சூலூரை நெருங்கும்போது தலைக்கு மேல் இடி இடித்தாற்போல் ஒரு சத்தம்! நீங்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் போர் விமானம் மறைந்துவிடுகிறது. மடியிலிருக்கும் குழந்தை கேட்கிறது: "அதிலே துப்பாக்கி இருக்குமா, அம்மா?"

சாதாரணக் கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய பெரிய தளபதிகளும் இதே கேள்வியில் திண்டாடியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் விமானங்கள் 2018-ல் சூலூர் விமானத் தளத்துக்கு வந்தன. 2023 ஆகஸ்டில், கோவா கடலோரத்தில், தேஜஸிலிருந்து 'அஸ்திரா' என்ற ஏவுகணையை ஏவிச் சோதித்தார்கள். கண்ணுக்கே தெரியாத தொலைவிலுள்ள எதிரி விமானத்தைத் தேடிச் சென்று தாக்கக் கூடியது அது. இவ்வளவும் இருந்தும், தேஜஸில் 23 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றும் உண்டு. விசையை அழுத்திப் பிடித்தால் நாலைந்து வினாடிக்குள் குண்டெல்லாம் தீர்ந்துவிடும். இதை எதற்காகச் சுமக்க வேண்டும்?

அமெரிக்கர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். "இனி எல்லாம் ஏவுகணைதான்" என்று முடிவு கட்டி, துப்பாக்கியே இல்லாமல் 'பாண்டம்' விமானத்தைக் கட்டினார்கள். வியட்நாம் யுத்தத்தில் சங்கடம் வந்தது. எதிரே வருவது நண்பனா, பகைவனா என்று கண்ணால் பார்த்த பிறகே சுட வேண்டுமென்பது பெரும்பாலும் உத்தரவு. பார்க்கும் அளவுக்கு அருகில் போனாலோ, ஏவுகணைக்குத் தோதான தூரம் கடந்துவிடும்! ஏவியவற்றிலும் பெரும்பகுதி குறி தவறியது.

அமெரிக்க விமானப் படை பாண்டத்தில் துப்பாக்கியைப் பொருத்தியது. கடற்படையோ தன் பாண்டங்களுக்குள் கடைசிவரை துப்பாக்கி வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, 1969-ல் கலிபோர்னியாவில் 'டாப் கன்' பள்ளியைத் தொடங்கி, நெருக்கு நேர் வான்சண்டையைப் பைலட்டுகளுக்குக் கற்றுக் கொடுத்தது. முன்பு தன் விமானம் ஒன்றை இழந்து எதிரியின் இரண்டு மூன்றை வீழ்த்திய கடற்படை, 1972-ல் பன்னிரண்டு வரை வீழ்த்தியது. ஆயுதத்தைவிடக் கை பழகிய வித்தை பெரிதாயிற்று, பார்த்தீர்களா?

நம் வீரர் ஒருவரின் கதையும் உண்டு. 1971 டிசம்பர் 14. ஆறு பாகிஸ்தானிய 'ஸேபர்' விமானங்கள் ஸ்ரீநகர் தளத்தின்மீது குண்டு வீசின. அந்தக் குண்டுகளுக்கு நடுவிலேயே ஓடுபாதையிலிருந்து கிளம்பினார் நிர்மல்ஜித் சிங் செகோன். அவருடைய குட்டி 'நாட்' விமானத்தில் இருந்தவை இரண்டு துப்பாக்கிகளே. மர உயரத்தில் வட்டமிட்டுச் சுழன்று இரண்டு ஸேபர்களைத் தாக்கினார். மற்றவை சூழ்ந்துகொள்ள, வீரமரணம் எய்தினார். விமானப் படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

அவருடைய 18-வது படைப்பிரிவுக்குத்தான் 2020 மே மாதம் சூலூரில் தேஜஸ் விமானங்கள் கொடுக்கப்பட்டன. 2024-ல் அந்தப் பிரிவில் தேஜஸ் ஓட்டிய முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார் மோகனா சிங். சகோதரிகள் மகிழ வேண்டிய செய்தி அல்லவா?

துப்பாக்கிக்கு வேலை குறைந்துவிட்டது உண்மைதான். அமெரிக்காவின் எப்-35 விமானத்தில்கூட ஒரு வகைக்குத்தான் உடலுக்குள்ளேயே துப்பாக்கி உண்டு. மற்ற இரு வகைகளுக்கு வேண்டும்போது வெளியே மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் எதிரியைக் கண்ணால் கண்டு, வளைந்து திரும்பித் தப்பி, அவன் பின்னால் போய்ச் சேரும் சாமர்த்தியத்தை யாரும் கைவிடவில்லை.

சென்னிமலைத் தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. விசைத்தறி எத்தனை வேகமாக ஓடினாலும், இழை அறுந்தால் அதை எடுத்து முடிய விரல்தான் வர வேண்டும். குழந்தை கேட்டால், "துப்பாக்கி இருக்கிறது, கண்ணே! அதைவிட முக்கியமாக, ஓட்டத் தெரிந்தவர் இருக்கிறார்" என்று சொல்லுங்கள்.