வெயிலிலும் மழையிலும் நிலைக்கும் எடை மேடை

கூட்டுறவுச் சங்கத்தின் முற்றத்தில் அங்கத்தினர் அனைவரும் கூர்ந்து நோக்கும் பொருள் ஒன்று உண்டெனில் அது தராசே. நிலக்கடலை மூட்டையாயினும், பருத்திப் பொதியாயினும், நூல் சிப்பமாயினும் அதன்மேல் ஏறி இறங்கிய பின்னரே கணக்கில் இடம் பெறுகிறது. தராசு சட்டப்படி சோதிக்கப்பட்டு முத்திரை பெறுகிறது. ஆனால், அது நிற்கும் மேடைக்கு முத்திரையிடுவார் எவருமிலர். அதனைக் காப்பது நம் பொறுப்பேயாகும்.

மேடை சாய்ந்தால் எடையும் குறையும். ஒரு மீட்டர் நீளத்திற்கு ஐந்து சென்டிமீட்டர் சரிவு இருப்பின், மின்னணுத் தராசு 100 கிலோவுக்குச் சுமார் 125 கிராம் குறைத்தே காட்டும். ஒரு மூட்டையளவில் இது அற்பமாகத் தோன்றலாம். 100 டன் வரவில் இதுவே 125 கிலோவாகிறது. அந்த இழப்பு விளைவித்தவரையே சாரும். ஆகவே, திறந்த வெளியில் நிற்கும் மேடையை எப்பொருளால் அமைப்பது என்பதை நாம் ஆய்ந்து துணிதல் வேண்டும்.

மேடைக்குப் பகைவர் மூவர். முதலாவது ஈரம். பெய்து ஓடிவிடும் மழையால் மரம் கெடுவதில்லை; ஓடாமல் தங்கும் நீரே அதனைக் கெடுக்கிறது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருக்குமாயின் பூஞ்சை அதில் வேரூன்றாது. இரண்டாவது வெயில். பலகையின் மேற்புறம் விரைந்து உலர, அடிப்புறம் தாமதித்து உலர்வதால் பலகை வளைந்து வெடிக்கிறது. மூன்றாவது கறையான். அது தரையிலிருந்து காலின் வழியே ஏறுகிறது. இம்மூன்றும் வெவ்வேறு உறுப்புகளைத் தாக்குவதால், மேடை முழுவதையும் ஒரே பொருளால் செய்ய வேண்டுவதில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் பகையை அறிந்து பொருளைத் தேர்வதே முறை.

காலுக்குக் கல்லே சிறந்தது. வேலிக்கு நடும் கருங்கல் கால்களைப் போன்றவற்றை ஆழ நட்டு, தலைகளை ரசமட்டம் வைத்துச் சமன் செய்தால் கறையானுக்கும் ஈரத்துக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. மரக்கால்தான் இயலும் எனில், அதனை மண்ணில் புதைக்கலாகாது. தரைக்கு மேல் அரை அடி உயர்ந்த கல்லின் மீதோ காரைப் பீடத்தின் மீதோ நிறுத்துக. கம்பியிட்ட கான்கிரீட் காலும் நன்றே. ஆனால் கம்பி மேற்பரப்பை ஒட்டியிருந்தால் அது துருவேறிப் பருத்துக் காரையைப் பிளந்துவிடும். கடற்கரை ஊர்களில் இது விரைவில் நிகழும்.

மேற்பலகைக்குக் கருங்கல் கிடைக்குமிடத்தில் அதனினும் மேலானது இல்லை. ஒரு மீட்டர் நீளமும் அறுபது சென்டிமீட்டர் அகலமும் ஐந்து சென்டிமீட்டர் கனமும் உடைய கருங்கற்பலகை சுமார் 80 கிலோ இருக்கும். அந்தப் பாரமே அசையாமைக்கு உறுதி. மரம் வேண்டுவோர் வைரம் பாய்ந்த தேக்கைத் தேர்க. தேக்கு என்ற பெயர் மட்டும் போதாது. அதன் வெளிப்புற வெண்பகுதி எம்மரத்தினதாயினும் எளிதில் உளுத்துவிடும். பனைக்கோ வயிரம் புறத்தே உள்ளது. புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் தொல்காப்பியம் பகுத்ததை இங்கு நினைவு கொள்ளலாம். ஆதலால் பனஞ்சட்டத்தில் உட்சோற்றை நீக்கி வெளிவயிரத்தையே கொள்க.

பலகைகளை நெருக்கி அடிக்காமல் இடையே கால் அங்குலம் விடுக. நீர் வடிய அதுவே வழி. அறுபட்ட முனைகள் பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். வண்ணமோ எண்ணெயோ முதலில் அம்முனைகளுக்கே பூசப்பட வேண்டும். ஒட்டுப்பலகை வாங்குவோர் ஐ.எஸ். 710 என்னும் தரக்குறி உள்ளதையே வாங்கி, அதன் ஓரங்களையும் அடைத்து வைப்பார்களாக.

ஆணியைப் பற்றி நெசவாளர்க்கு நாம் அதிகம் கூற வேண்டுவதில்லை. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்புச் சத்தும் கூடினால் கருஞ்சாயம் பிறக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். துவர்ப்பு மிகுந்த மரத்தில் வெற்றிரும்பு ஆணி அடித்து, அது மழையில் நனைந்தால், அதே சாயம் மேடையிலும் பிறக்கிறது. அதன்மேல் வைத்த வெள்ளை நூலில் படிந்த கறை எளிதில் நீங்காது. ஆகவே, உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த திருகாணிகளையோ துருவேறா எஃகினையோ கொள்க. கடற்காற்று வீசுமிடத்தில் துருவேறா எஃகில் 316 என்னும் வகையே தக்கது.

இனி மருந்தூட்டிய மரம். செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளால் மரத்தைக் காக்கும் முறையைக் கண்டவர் நம் நாட்டவரான சொந்தி காமேசம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர் 1933-ஆம் ஆண்டில் இதனை வெளிக்கொணர்ந்தார். உலகெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் இம்முறையால் நீண்ட ஆயுள் பெற்றன. எனினும் ஆர்செனிக் நஞ்சாதலால், அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு இத்தகைய மரம் செய்வது 2003-ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டது. உண்ணும் பொருளும் கைபடும் நூலும் வைக்கும் மேடைக்கு இதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம். பழைய மின்கம்பத்தை அறுத்துப் பலகையாக்க எண்ணுவோரும் இதனை நினைவில் வைப்பாராக. அதன் துண்டுகளை அடுப்பில் எரித்தலும் ஆகாது. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் கறையானைத் தடுக்க வல்லது. அது தோலைப் புண்ணாக்குமாதலால் கையுறையோடு கால்களின் அடிப்பகுதிக்கு மட்டும் பூசுக.

கல்மேடைக்கு முதற்செலவு கூடுதலே. ஆயினும் செலவை மேடை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பதே சங்கக் கணக்குக்கு அழகு. இப்போதுள்ள மேடையை ஐப்பசி மழைக்கு முன்னரே சோதித்தல் நலம். கத்தி முனையால் கால்களின் அடியைக் குத்திப் பார்க்க. மெத்தென்று இறங்குமாயின் அக்காலை மாற்றுக. ரசமட்டத்தை நீளத்திலும் அகலத்திலும் வைத்துப் பார்க்க. இச்சோதனையை அங்கத்தினர் முன்னிலையிலேயே நடத்துதல் இன்னும் சிறப்பு. தராசின்மேல் அவர்கள் கொண்ட நம்பிக்கை மேடையின் கால்களில்தான் நிற்கிறது.