விரல்நுனியின் வாசிப்பு

பிறவியிலேயே பார்வையற்ற மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் அரபு இலக்கணம் பயில வந்தார். செவிவழி மனனமே அவருக்குரிய வழி என நாம் எண்ணியிருந்தோம். அவரோ பிரெய்ல் ஏட்டின்மீது விரலோட்டி, நாம் வாசித்த ஒரு சொல்லின் ஹரகத் பிழையை அடக்கத்துடன் சுட்டிக் காட்டினார். வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு, பிரெய்லில் இடமிருந்து வலமாகச் செல்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். விரல் எவ்வாறு வாசிக்கிறது?

ஒரு கையின் உள்ளங்கைப் புறத்தில் ஏறத்தாழ 17,000 தொடு உணர்வு நரம்பிழைகள் முடிவடைகின்றன. அவை நான்கு வகையின. மெர்க்கல் உறுப்புகள் விளிம்பையும் புள்ளியையும் உணர்த்தும். மைஸ்னர் உறுப்புகள் பொருள் நழுவுவதை அறிவிக்கும். பாசினி உறுப்புகள் அதிர்வையும், ரஃபினி உறுப்புகள் தோலின் இழுவையும் உணரும். அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் பியசோ 2 என்னும் புரதத்தை 2010இல் இனங்கண்டவர், பெய்ரூத்தில் பிறந்த ஆர்டெம் பட்டபூட்டியன். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் டேவிட் ஜூலியஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

முதுகில் இரு முனைகளைத் தனித்தனியே உணர, அவற்றிடையே ஏறத்தாழ 40 மி.மீ. இடைவெளி வேண்டும், விரல்நுனிக்கு 2 மி.மீ. போதும். பிரெய்ல் புள்ளிகளின் இடைவெளியோ ஏறத்தாழ 2.5 மி.மீ.

விரலில் எழுந்த குறி தண்டுவடத்தின் பின்புறமாக மேலேறி, முகுளத்தில் மறுபக்கம் கடந்து, தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணியை அடைகிறது. ஆகவே வலக்கையின் தொடுகையை இடப்பக்க மூளை ஏற்கிறது. மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் ஏறத்தாழ 20 மில்லி விநாடியில் அங்கே எதிர்வினை தோன்றும். உடலின் வரைபடம் ஒன்று அங்குள்ளதை வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் 1937இல் வெளியிட்டனர். முழு முதுகையும்விடக் கைக்கு அதில் மிகுதியான இடமுண்டு.

இவ்வரைபடம் கல்லில் செதுக்கியதன்று. பிரெய்ல் வாசிப்போரின் வாசிக்கும் விரலுக்குரிய பகுதி விரிவடைந்திருப்பதை 1993இல் பஸ்குவால் லியோனும் டோரெஸும் காட்டினர். இளமையிலேயே பார்வையிழந்தோர் பிரெய்ல் வாசிக்கையில், பார்வைக்குரிய புறணியும் இயங்குவது 1996இல் தெரியவந்தது. அது வெறும் உடனிகழ்வா? 2000இல் வெளியான ஒரு மருத்துவப் பதிவு இதற்கு விடை தருகிறது. பிறவிப் பார்வையற்ற பெண்மணி ஒருவருக்கு, மூளையின் பின்புறத்தே இருபக்கமும் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. புள்ளிகள் விரலில் படுவதை அவர் உணர்ந்தார், வாசிக்கத்தான் இயலவில்லை.

ஆகவே தொடுதல் வேறு, தொட்டு வாசித்தல் வேறு. முன்னது தோலும் நரம்பும் தருவது. பின்னது பயிற்சியால் மூளை ஈட்டுவது. பார்வையற்ற குழந்தைக்குக் கேள்வியே போதுமென நாம் முடிவு செய்யும்போது, அந்த ஈட்டத்தின் வாயிலையே அடைத்துவிடுகிறோம். நம் மாணவர் அன்று திருத்தியது ஒரு ஹரகத்தை மட்டுமன்று.