நல்ல இரசம் கடைசியில்

விழா நாள் பந்திக்கு எந்தக் கறி, எந்தப் பலகாரம் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது எல்லா நாட்டு இல்லத்தரசிகளுக்கும் உரிய வழக்கம். திராட்சைக் கொடி செழித்து வளரும் நாடுகளில் இன்னொரு கவலையும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. எந்த உணவோடு எந்தத் திராட்சை இரசத்தை வைப்பது? பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள புரோவான்ஸ் பகுதியின் கத்தோலிக்கக் குடும்பங்கள் இக்கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு விடை வைத்திருக்கின்றன. அதில் நாவுக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் பாடம் இருப்பதால், வாசகர்களுக்கு அதை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சுத்தபோசன விருந்து

டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, நடு இரவுத் திருப்பலிக்கு முன், குடும்பத்தார் அனைவரும் ஒரே மேசையில் அமர்கின்றனர். 'க்ரோ சூப்பே', அதாவது பெரிய இராவுணவு என்பது இதன் பெயர். பெயர்தான் பெரிது, பழைய முறை வழுவாத வீடுகளில் இறைச்சி ஒரு துண்டும் இராது. தமத்திரித்துவத்தின் நினைவாக மேசைமேல் மூன்று வெள்ளை விரிப்புகள், மூன்று திரிகள். வாசலுக்கு வரக்கூடிய ஏழைக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். காட் மீன் கருவாடு, கொண்டைக்கடலை, கீரை, காலிபிளவர், நெத்திலியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்த துவையல் ஆகியவையே உணவு.

உப்பும் எண்ணெயும் மிகுந்த இவ்வுணவுக்கு, இனிப்பற்ற, சற்றே புளிப்புள்ள வெள்ளை இரசமே ஏற்றது. மீன் வறுவலுக்கு எலுமிச்சை பிழிவதுபோல, அப்புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி நாவைத் தெளிவிக்கிறது. மர்செய் நகருக்குக் கிழக்கே உள்ள கஸ்ஸி என்னும் சிறு துறைமுக ஊரின் வெள்ளை இரசம் இதற்குப் பெயர் பெற்றது. சிவப்பு இரசத்தை இங்கே தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. திராட்சைத் தோலிலும் விதையிலுமிருந்து அதில் இறங்கும் துவர்ப்பு, மீனோடு சேரும்போது நாவில் உலோகச் சுவையைத் தருகிறது. மறுநாள் நண்பகலில் இறைச்சி விருந்து வரும்போது அதே துவர்ப்பு கொழுப்புக்கு ஈடுகொடுக்கிறது. அப்போது, மூர்வேத்ர் என்னும் திராட்சையைப் பாதிக்குக் குறையாமல் சேர்த்து, 18 மாதமேனும் மரப்பீப்பாயில் வைத்திருந்த பாந்தோல் சிவப்பு இரசம் மேசைக்கு வருகிறது.

பதின்மூன்று இனிப்புகள்

ஆண்டவரையும் பன்னிரு திருத்தூதர்களையும் குறித்து, 13 வகை இனிப்புகளும் பழங்களும் இரவு உணவை நிறைவுசெய்கின்றன. இந்தக் கணக்கு 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் உறுதிப்பட்டது. வழக்கமோ அதனினும் பழையது. உலர்ந்த அத்தி, உலர்ந்த திராட்சை, வாதுமை, அக்ரூட் ஆகிய நான்கும் பிச்சை ஏற்று வாழ்ந்த நான்கு துறவற சபைகளின் அங்கி நிறங்களை நினைவூட்டுகின்றன. ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் சுட்ட இனிப்பு ரொட்டியைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிட்டே பகிர்கின்றனர்.

லட்டு தின்ற வாய்க்குக் காப்பி கசக்கும். அவ்வாறே, இனிப்புப் பண்டத்தோடு இனிப்பற்ற இரசம் குடித்தால் அது வெறும் புளிப்பாகத் தோன்றும். ஆகவே இரசத்தின் இனிப்பு பண்டத்தின் இனிப்புக்குக் குறையக்கூடாது என்பது விதி. இதற்கென அங்கே 'காய்ச்சிய இரசம்' செய்கின்றனர். புதிதாய்ப் பிழிந்த திராட்சைச் சாற்றைச் செம்புக் கொப்பரையில் ஊற்றி, விறகுத் தீயில் மணிக்கணக்காகச் சுண்டவைத்து, ஆறியபின் நொதிக்கவிட்டு, பீப்பாயில் முதிரச் செய்கின்றனர். எக்ஸ் நகரை அடுத்த பாலெத் பகுதி இதற்குப் புகழ்பெற்றது. இதன் முதற்பங்கு எவர் வாய்க்கும் போவதில்லை. வீட்டில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து சுமந்துவரும் கனிமரக் கட்டையின்மீது அதை ஊற்றி ஆசி மொழிந்து, கட்டையை அடுப்பிலிடுவது மரபு.

அளவே அழகு

கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளர் வியந்த காரணத்தை நாம் அறிவோம். முதலில் நல்ல இரசத்தைத் தந்து, விருந்தினர் வெறிகொண்டபின் மட்டமானதைத் தருவதே அந்நாளைய வழக்கமாக இருந்தது. புரோவான்ஸ் குடும்பங்களோ நல்லதைக் கடைசிக்கு வைக்கின்றன. கடைசிக் கிண்ணத்தின் நயம் தெரியவேண்டுமானால், முன்னவற்றில் மயங்காத நாவு வேண்டும். நடு இரவுத் திருப்பலியிலும் தெளிந்த தலையோடு நிற்கவேண்டும் அல்லவா?

குடியால் திருவிழா இரவைக் கண்ணீரில் கழிக்கும் தாய்மாரும் பிள்ளைகளும் நமக்குப் புதியவர்கள் அல்லர். மதுவில் உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றும் இல்லையென உலக நலவாழ்வு நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. எனவே, அருந்துவோர் அளவைச் சுருக்குவதும், அருந்தாதவரை வற்புறுத்தாதிருப்பதும், சிறுவருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் குடியை விட்டு மீண்டவருக்கும் திராட்சைச் சாற்றையே தருவதும் விருந்தோம்பலின் பகுதியாகும். உணவுக்கு ஏற்ற இரசத்தைத் தேர்வது ஒரு கலை. ஆனால் எந்த இரசமும் மேசையின் தலைவனாகிவிடக் கூடாது. அது குடும்பத்துக்கு ஏவல் செய்யும் மட்டுமே அங்கே அதற்கு இடம். ஏழைக்கென ஒதுக்கிய இருக்கை அதனினும் உயர்ந்த இடம்.