கிழிந்த தோலுக்கு முந்நூறு ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் பிளாக்குக்குப் பின்னால் முதலில் புகைதான் கிளம்பும். பழைய பேப்பர், காய்ந்த தென்னை ஓலை, கிடைத்தால் கொஞ்சம் வைக்கோல். அந்தத் தீயில் பறையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுவோம். தோலில் ஏறியிருக்கும் ஈரம் போக வேண்டும். விரலால் சுண்டினால் முதலில் 'பொத்'தென்று இருக்கும். சூடு ஏற ஏற 'கண்'ணென்று கேட்கும். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். 2017-ல் சென்னையில் கூவம் கரையிலிருந்து எங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். பெரியவர்களுக்கு வேலை தூரமாகப் போனது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நேர்ந்தது வேறு. கரையில் ஒரு பையன் பீடி பற்ற வைத்தால், அவன் வீடு திரும்புவதற்குள் சேதி வீட்டுக்குப் போயிருக்கும். யாராவது ஒரு அத்தை பார்த்திருப்பாள். இங்கே எட்டு மாடிக் கட்டடம், பல பேட்டைகளிலிருந்து கொண்டுவந்து சேர்த்த சனம். எதிர்வீட்டுப் பையன் பெயரே பலருக்குத் தெரியாது. அவன் நாலு நாள் காணாமல் போனாலும் கேட்க ஆளில்லை.

நான் யாரையும் திருத்தப் போகவில்லை. அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. என் தாய்மாமன் செங்கல்பட்டுப் பக்கம் சாவுக்குப் பறை அடித்தவர். சின்ன வயதில் அவர் பறையைத் தொடப்போனால், "வேணாம்டா மாப்ளே, இது என்னோட போவட்டும்" என்பார். அவர் செத்த அன்றைக்கு அவருக்கு அடிக்க வெளியூரிலிருந்துதான் ஆள் வந்தது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஒரு பயிற்சி முகாமில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். வீட்டில் அடித்தால் அக்கம்பக்கம் திட்டும் என்று கட்டடத்துக்குப் பின்னால் போய் அடித்தேன். முதல் வாரம் மூன்று பொடியன்கள் வந்து நின்றார்கள். அவ்வளவுதான் ஆரம்பம்.

பறை என்றாலே சாவு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களைச் சொல்லும்போது மரம், பறவையோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைக்காரர்கள் வகை பிரித்தார்கள். சேதி சொன்ன கருவியைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தியதும், அடித்தவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியதும் சாதி செய்த வேலை. 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் வட்டத்தில் பட்டாசு வெடித்தோம். மாமன் இருந்திருக்கலாம்.

கருவியும் எளிமையானது. வேப்ப மரத்தில் வளைத்துச் செதுக்கிய மூன்று துண்டுகளைச் சேர்த்தால் சட்டம். அதில் புளியங்கொட்டைப் பசை தடவி மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். இடக்கையில் நீளமாக, மெல்லிசாக மூங்கில் சிண்டுக்குச்சி. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. வயலின் என்றால் காது கூசாமல் ஒரு பாட்டு வாசிக்க எத்தனையோ மாதம் ஆகும். பறையில், வந்த முதல் நாளே ஒருவன் ஒத்தையடி போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் நின்றுவிடலாம். பழகியவன் அதன் மேல் அடுக்கிக்கொண்டு போவான். புதியவனின் ஒற்றை அடி நின்றால் மற்றவன் வித்தையும் தடுமாறும். தான் நின்றால் எல்லாம் நிற்கும் என்று அதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடிக்கிற கையோடு காலும் போக வேண்டும். அதனால் கண் எப்போதும் எதிரே நிற்பவன் காலில்தான் இருக்கும். இரண்டு கையிலும் குச்சி இருப்பதால் இரண்டு மணி நேரம் போனைத் தொட முடியாது என்பது தாய்மார்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

பெண் பிள்ளைகள் வந்தபோதுதான் சண்டை வந்தது. "பொம்பளப் புள்ள சாவு மோளம் அடிச்சா நாளைக்கு யாரு கட்டுவா?" என்று ஒரு அம்மா என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்குத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்ட தலித் பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்து, கூடவே தொழிலும் படிப்பும் கொடுக்கும் மையம் அது. சகோதரி சந்திரா நடத்துகிறார். ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் அவர்களைப் பற்றிப் படமே எடுத்திருக்கிறார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு தடவை பார்த்தார். அடுத்த வாரம் மகளுக்குக் கால்சலங்கை வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இசையால் பிள்ளைகளைச் சேர்ப்பது என்றால் வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. வெனிசுவேலாவில் 1975-ல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஒரு கார் நிறுத்துமிடத்தில் பதினொரு பிள்ளைகளோடு ஆரம்பித்த இசைப்பள்ளி நாடு முழுக்கப் பரவியது. அதில் வளர்ந்த குஸ்தாவோ டூடமெல் 2009-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர் ஆனார். பத்திரிகைகள் டூடமெலைத்தான் எழுதும். அதே அமைப்பின் கெடுபிடிகளைக் கடுமையாக விமர்சித்து 2014-ல் ஒரு புத்தகமும் வந்தது. எனக்கு அந்தப் பதினொன்று என்ற எண்தான் பிடித்திருக்கிறது. பதினொரு பேர் என்றால் ஒருவன் வராதது தெரியும்.

இப்போது தோல் கதை. ஒன்பதாவது படிக்கிற பையன். காய்ச்சுகிற வேலை அவனுடையது. ஒரு ஞாயிறு பேச்சு சுவாரசியத்தில் பறையைத் தீயிலேயே விட்டுவிட்டான். 'பட்'டென்று ஓரத்திலிருந்து நடு வரை கிழிந்தது. நான் திட்டவில்லை. என் முகம் திட்டியிருக்கும் போல. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பிள்ளைகள்தான் முதலில் குச்சியைக் கீழே வைத்தார்கள். "அவன் இல்லாம காலு சேரலணா" என்றாள் ஒருத்தி. ஐந்து பேர் கிளம்பிப் போனோம். தண்ணீர் கேன் ஏற்றும் வண்டியில் பையன் நின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூடமும் இரண்டு வாரமாக இல்லை. எங்களைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து கசங்கிய முந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினான். "மீதிய அடுத்த வாரம் தர்றேன்ணா."

தோல் மாற்ற அதைவிடக் கூடுதலாக ஆனது. பணத்தை நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் அவன் திரும்ப வந்திருக்க மாட்டான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனான். எல்லாரும் இப்படித் திரும்பவில்லை. தேடிப் போயும் இரண்டு பையன்களைக் கொண்டுவர முடியவில்லை. ஒருவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது.

ஃபைபர் பறை வந்துவிட்டது, காய்ச்ச வேண்டாம், மழையிலும் அடிக்கலாம், அதையே வாங்குங்கள் என்கிறார்கள். புதியவர்களுக்கு இரண்டு வைத்திருக்கிறோம். ஆனால் தீ மூட்டுகிற அந்த அரை மணி நேரத்தில்தான் பிள்ளைகள் வாரம் முழுக்க நடந்ததைப் பேசுகிறார்கள். அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

இப்போது இருபத்திரண்டு பேர், பறை பதினான்கு. மீதிப் பேர் கை தட்டிக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் அழகுக்கு ஒரு பறை தொங்கினால், உங்கள் ஊரில் அடிக்கிற ஏதாவது ஒரு குழுவுக்குக் கொடுத்துவிடுங்கள். அடிக்காத தோலைப் பூச்சி அரித்துவிடும்.