இடாப்பு திறந்திருக்கிறது, குடியுரிமை இறுகுகிறது

பாரிஸ் 10ஆம் வட்டாரத்தின் நகரசபை ஃபோபூர் சென்-மார்த்தன் வீதியின் 72ஆம் இலக்கத்தில் இருக்கிறது. அதற்கு வடக்கே, ஃபோபூர் சென்-தெனி வீதியில் கார் து நோர் நிலையத்தைத் தாண்டினால் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு. கடைகளுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் ஒருவர் வாக்காளராகப் பதியக் கால் மணி நேரம் நடந்தால் போதும். அடையாள அட்டையும் வதிவிடச் சான்றும் இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் கையில் இருப்பது பத்து வருட வதிவிட அட்டை மட்டும் என்றால், முப்பது வருடம் இங்கு வரி கட்டியவருக்கும் அந்தக் கருமபீடத்தில் அலுவல் எதுவும் இல்லை.

வேறு நாடுகளில் இப்போது சண்டை நடப்பது வாக்காளர் இடாப்பைச் சுற்றித்தான். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், ஏற்கெனவே இடாப்பில் இருந்தவர்களையும் மறுபடி படிவம் நிரப்ப வைத்தது. அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய ‘சேவ்’ சட்டமூலம், பதியும்போதே குடியுரிமையை ஆவணத்தால் நிரூபிக்கச் சொல்கிறது. பிரான்சில் நிலைமை வேறு. இங்கே இடாப்பில் சேர்வது முன்பைவிட இலகு. அதற்கு முந்திய படிதான் உயர்ந்துகொண்டே போகிறது.

பதிவில் என்ன மாறியது?

முன்பெல்லாம் தேர்தலுக்கு முந்திய ஆண்டின் டிசம்பர் 31க்குள் பதியவேண்டும். தவறினால் அடுத்த ஆண்டுத் தேர்தல்கள் கைநழுவிவிடும். 2016 ஓகஸ்ட் 1ஆம் திகதிச் சட்டம் இதை மாற்றியது. 2019 ஜனவரி முதல், தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இன்ஸே முழு நாட்டுக்கும் ஒரே இடாப்பைப் பேணுகிறது. முதல் சுற்றுக்கு முந்திய ஆறாவது வெள்ளிக்கிழமை வரை பதியலாம். 2026 மார்ச் 15 நகரசபைத் தேர்தலுக்கு அந்தக் கடைசி நாள் பெப்ரவரி 6. இணையத்தில் பதிவோருக்கு அதற்கு இரண்டு நாள் முன்னதாக.

18 வயதாகும் பிரெஞ்சு இளையோரைப் போலவே, 2019 முதல் குடியுரிமை பெறுவோரும் தாமாகவே இடாப்பில் சேர்க்கப்படுகிறார்கள்.

குடியுரிமையில் என்ன மாறியது?

2012இல் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் பிரெஞ்சில் பி1 மட்டத்தில் பேசிக் காட்டினால் போதுமாக இருந்தது. 2020 ஏப்ரலில் எழுத்துத் தேர்வும் சேர்ந்தது; 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இருந்த விலக்கும் போயிற்று. 2024 ஜனவரி 26ஆம் திகதிக் குடிவரவுச் சட்டம் அந்த மட்டத்தை பி2 ஆக உயர்த்தியது. 2026 ஜனவரி 1 முதல் அது நடைமுறை. அதே நாளிலிருந்து குடிமைத் தேர்வும் உண்டு: 40 கேள்வி, 45 நிமிடம், 32 சரியாக இருக்கவேண்டும்.

பி2 என்றால் சிக்கலான ஒரு கட்டுரையை வாசித்து, அதன் வாதத்தைப் பிடித்து, தன் கருத்தைக் காரணத்தோடு எழுதுவது. இருபது வருடம் உணவகச் சமையலறையில் தமிழரோடும் வங்காளியரோடும் நின்று வேலை செய்தவருக்கு, ஓடரை விளங்கும் பிரெஞ்சு நன்றாக வரும். இந்தப் பிரெஞ்சு வராது. வகுப்புக்குப் போக மாலை நேரம் வேண்டும். அவருடைய வேலை தொடங்குவதே மாலையில்தான்.

இதற்கு மேல், 2025 மே 2 அன்று அப்போதைய உள்துறை அமைச்சர் புருனோ ரெத்தாயோ மாவட்ட நிர்வாகங்களான பிரெபெக்துர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை நிலையான தொழில் வருமானத்தையும், கடந்தகாலத்தில் அனுமதியின்றித் தங்கியிருந்தாரா என்பதையும் கடுமையாகப் பார்க்கச் சொன்னது.

அகதி நிலை பெற்றவர்களுக்குச் சட்டத்தில் இரண்டு சலுகைகள் உண்டு. ஐந்து வருட வதிவிடக் காத்திருப்பு அவர்களுக்கு இல்லை. 70 வயதைத் தாண்டி, 15 வருடமாவது சட்டப்படி இங்கு வசித்திருந்தால் மொழி நிபந்தனையும் இல்லை. வேறு வகை அட்டையில் இருக்கும் அதே வயதுக்காரருக்கு, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, அந்த விலக்குக் கிடையாது.

இந்தப் போக்கு எப்போதும் ஒரே திசையில் இருக்கவில்லை. ஒரு காலத்தில் புதிதாகக் குடியுரிமை பெற்றவர் சில வருடம் தேர்தல் உரிமைகள் இன்றிக் காத்திருக்கவேண்டும். அந்தத் தற்காலிகத் தடைகளில் எஞ்சியவற்றை நீக்கிய சட்டம் 1983 டிசம்பர் 8இல் வந்தது. கறுப்பு ஜூலைக்குப் பின் ஈழத்தமிழர் பெருமளவில் புலம்பெயரத் தொடங்கிய ஆண்டு அது.

குடியுரிமையும் வாக்கும்

வாக்கைக் குடியுரிமையோடு கட்டினால் என்ன ஆகும் என்பதை இலங்கைத் தமிழருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றது. 1947இல் மலையகத் தொகுதிகளிலிருந்து உறுப்பினர்களை அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. இருந்ததைப் பறித்த கொழும்புச் சட்டமும், இல்லாததைப் பெறும் வழியை ஒடுக்கும் பாரிஸ் சட்டமும் ஒன்றல்ல. ஆனால் வாக்காளர் தொகையைத் தீர்மானிக்க இடாப்பைத் தொடவே வேண்டியதில்லை என்பதற்கு இரண்டும் சாட்சி.

உள்ளூர்த் தேர்தலிலாவது வாக்களிக்க முடியாதா?

லாச்சப்பலில் வசிக்கும் போர்த்துக்கேயரோ இத்தாலியரோ பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாமலே நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கான அந்த உரிமை 2001இல் நடைமுறைக்கு வந்தது. மற்ற வெளிநாட்டவருக்கும் அதைத் தருவதாக 1981இல் பிரான்சுவா மித்தெரான் வாக்குறுதி தந்தார். 2000 மே மாதத்தில் தேசிய சபையும் 2011 டிசம்பரில் செனற்றும் ஆதரவாக வாக்களித்தன. அரசியலமைப்பைத் திருத்தும் அடுத்த கட்டத்துக்கு எந்த அரசும் போகவில்லை.

குடியுரிமை இருந்தும் தவறுவது எங்கே?

முதலாவது, முகவரி. வேலை லாச்சப்பலில், வீடு லாக்குர்னேவில் அல்லது சார்செலில். வீடு மாறியவர் புதிய ஊரில் மறுபடி பதியவேண்டும். இடாப்பு தானாகப் பின்னால் வராது. ஒருவர் வீட்டில் தங்கியிருப்பவர், வீட்டுக்காரரின் கடிதம், அவரது அடையாள அட்டைப் பிரதி, அவரது வதிவிடச் சான்று ஆகியவற்றோடு தன் பெயரில் அதே முகவரி உள்ள ஓர் ஆவணமும் கொடுக்கவேண்டும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் வாக்காளர் அட்டை திரும்பிப் போகும். ‘இவர் இங்கே இல்லை’ என்ற சந்தேகத்துக்கு அது தொடக்கம்.

இரண்டாவது, 2019க்கு முன் குடியுரிமை பெற்றவர்கள். தானியங்கிப் பதிவு அவர்களைத் தொடாது.

மூன்றாவது, பிள்ளைகள். லரிபுவாசியேர் மருத்துவமனையில் பிறந்து இங்கேயே வளர்ந்தாலும், பெற்றோர் இருவரும் வெளிநாட்டவரென்றால் பிள்ளை பிறப்பால் பிரெஞ்சுக் குடிமகன் அல்ல. 13 வயதிலிருந்து பெற்றோரோ, 16இல் பிள்ளை தானேயோ அறிவிப்புச் செய்யலாம். செய்யாவிட்டால் 18இல் சட்டமே குடியுரிமை தரும். ஆனால் 16 வயதில் பிரெஞ்சு இளையோர் நகரசபையில் செய்யும் குடிமைப் பதிவில் அந்தப் பிள்ளை இருந்திருக்காது. குடியுரிமை வந்த ஒரு மாதத்துக்குள் அதைச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் தானியங்கிப் பதிவின் கண்ணில் படாமல் போகலாம்.

நான்காவது, பெயர். அரச இணையத்தளத்தில் தேடும்போது பிறப்புப் பெயரையே கேட்பார்கள். கணவர் பெயரில் அறியப்படும் பெண்ணும், தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியவரும் ஆவணத்தில் உள்ளபடியே கொடுக்காவிட்டால், இடாப்பில் இருந்தும் ‘இல்லை’ என்று வரும்.

பெயர் வெட்டப்பட்டால்

ஊருடன் தொடர்பு இல்லையென்று மேயர் ஒருவரை நீக்க, முதலில் அவருக்கு அறிவித்து விளக்கம் கேட்கவேண்டும். நீக்கிய முடிவு கிடைத்த ஐந்து நாளுக்குள் நகரசபையின் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு முறையிடலாம். அங்கும் மறுத்தால் ஏழு நாளுக்குள் நீதிமன்றம். அறிவிக்காமலே நீக்கியிருந்தால், அல்லது வெறும் எழுத்துப் பிழையால் பெயர் விடுபட்டிருந்தால், வாக்களிப்பு நாள் அன்றுகூட நேராக நீதிபதியிடம் போகலாம். கடைசித் திகதிக்குப் பின் குடியுரிமை கிடைத்தவர், 18 வயதானவர், வேலைக்காக இடம்பெயர்ந்தவர் ஆகியோர் தேர்தலுக்கு முந்திய பத்தாவது நாள் வரை பதியலாம்.

2027இல் ஜனாதிபதித் தேர்தல். மொழி மட்டத்தை உயர்த்துவதா, உள்ளூர் வாக்கை விரிப்பதா என்பவற்றைத் தீர்மானிப்போர் வாக்குக் கேட்டு வரும் காலம் அது. பி2 தேர்வில் சிக்கி நிற்கும் தகப்பனிடம் அவர்கள் வரமாட்டார்கள், அவருக்கு வாக்கில்லை. அவரைப் பாதிக்கும் சட்டத்தைப் பற்றி அவர்களிடம் கேட்கக்கூடியவர் இடாப்பில் பெயருள்ள மகளும் மருமகனும்தான். அந்தப் பெயர் சரியான முகவரியில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.