தண்டனைக்குப் பின்னும் அதே வகுப்பறை

பாடசாலையில் ஒரு மாணவி தவறு செய்தால் வழமையாக மூன்று கேள்விகள் எழுகின்றன. எந்த ஒழுங்கு மீறப்பட்டது? மீறியவர் யார்? என்ன தண்டனை வழங்கலாம்? பாதிக்கப்பட்ட மாணவியைப் பற்றி இவற்றில் ஒரு கேள்வியும் இல்லை. தண்டனை முடிந்த மறுநாளும் இருவரும் ஒரே வகுப்பறையில்தான் அமர வேண்டும். முறிந்த உறவோ முறிந்தபடியே இருக்கும். இந்தக் குறையைத் தீர்க்க முயல்வதே உறவைச் சீர்செய்யும் நடைமுறையாகும்.

இதன் தொடக்கம் நீதிமன்றத்தில் அமைந்தது. 1974இல் கனடாவின் எல்மிரா என்னும் ஊரில் இரு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் விளைவித்தனர். நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் யோசனையை ஏற்ற நீதிபதி, அவர்கள் பாதிக்கப்பட்டோரை நேரில் சந்திக்க வேண்டும் எனப் பணித்தார். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று இழப்புகளைக் கேட்டறிந்து ஈடுசெய்தனர். 1994இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பாடசாலை ஆலோசகராக இருந்த மார்கரட் தோர்ஸ்போர்ன் இத்தகைய சந்திப்பைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார்.

இது எவ்வாறு நடைபெறுகிறது? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தரம் 9 மாணவி ஒருத்தி, வகுப்புத் தோழியின் படத்தைக் கேலியாக மாற்றி வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிடுகிறாள். தோழி பாடசாலைக்கு வரவே அஞ்சுகிறாள். ஆசிரியை முதலில் இருவருடனும் தனித்தனியே பேசுகிறார். இருவரும் விரும்பினால் மட்டுமே ஒன்றாக அமரச் செய்கிறார். தவறு செய்தவளிடம், "என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தீர்கள்? இதனால் யார், எப்படிப் பாதிக்கப்பட்டார்கள்? இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். "ஏன் செய்தீர்கள்?" என்று கேட்பதில்லை. அது பெரும்பாலும் சாக்குச் சொல்லவே தூண்டும். பின்னர் பாதிக்கப்பட்டவளிடம், அவளுக்கு எது மிகவும் வலித்தது, இப்போது என்ன தேவை என்று கேட்கிறார். படத்தை அழிப்பது, அதே குழுவில் தவறை ஏற்றுக்கொள்வது என முடிவுகள் எழுதப்படுகின்றன. சில நாட்களின் பின் அவை நிறைவேறினவா என்றும் பார்க்கப்படுகிறது.

இது இலகுவான வழி அல்ல. முழந்தாளிட்டு நிற்பதைவிட, தான் அழவைத்த தோழியின் முகத்தைப் பார்த்து அவள் சொல்வதைக் கேட்பது கடினம். "மன்னித்துவிடு" என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. துஷ்பிரயோகம் போன்ற பாரதூரமான விடயங்களை இதன்மூலம் தீர்க்க முயல்வதும் தவறு. அவை உரிய அதிகாரிகளிடம் செல்ல வேண்டும்.

பிணக்கு வருமுன்னரே உறவு இருந்தால்தான் இம்முறை பலன் தரும். அதனால் பல பாடசாலைகளில் மாணவர்கள் வாரந்தோறும் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர்கள் செவிமடுக்கின்றனர். ஒருபோதும் வாய் திறக்காத பிள்ளையின் முறையும் அங்கே வருகிறது. இங்கிலாந்தில் 40 இடைநிலைப் பாடசாலைகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. இந்நடைமுறையை உள்ளடக்கிய திட்டம் செயற்பட்ட பாடசாலைகளில், மூன்று ஆண்டுகளின் முடிவில் மாணவர் துன்புறுத்தல் ஏனையவற்றைவிடக் குறைந்திருந்தது. குறைவு சிறிதுதான், ஆனால் உண்மையானது.

நமது நாட்டுக்கும் இச்சிந்தனை புதிதன்று. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபைகளில் அயலவர்கள் தமது பிணக்குகளைப் பேசித் தீர்க்கின்றனர். கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. பிரம்பை வைத்துவிட்டால் அதற்குப் பதிலாக எது என்பதே ஆசிரியர்களின் கேள்வி. அதற்கான ஒரு விடை இது.

பெற்றோரும் இதை வீட்டில் தொடங்கலாம். பிள்ளைகள் சண்டையிட்டால், "யார் முதலில் தொடங்கியது?" என்பதற்குப் பதிலாக, "இதனால் யாருக்கு வலித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்று நேரமாகும். காத்திருங்கள்.